முத்துச்சிப்பி இருக்கு, முத்துக்குளிப்பு இல்லை: மன்னார் வளைகுடாவில் உயிரினங்களை எண்ணினால் மட்டும் போதுமா?

கொற்கை முத்தைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படிக்காதவர்கள் நம்மில் குறைவு. சங்க இலக்கியத்தில் வருகிறது, பழைய கிரேக்கக் குறிப்புகளிலும் வருகிறது. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று யார் வந்தாலும் கண் வைத்தது இந்தக் கடலின் முத்துப் பார்கள் மேல்தான். அந்த முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961ல். அதோடு நின்றது.

அப்படியென்றால் முத்துச்சிப்பி அழிந்துவிட்டதா? இல்லை. இப்போதும் மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி இருக்கிறது. உயிரினப் பட்டியலில் அதன் பெயர் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பார் பாராக, லட்சக்கணக்கில் ஒட்டிக் கிடந்து, கடல் நீரை உள்ளே இழுத்து வடிகட்டி வெளியே விட்டுக்கொண்டிருந்த அந்தப் பழைய கூட்டம் இல்லை. பெயர் இருக்கு, வேலை நடக்கலை.

இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் உலகம் முழுக்க கடல் ஆய்வாளர்கள் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கடலைப் பாதுகாப்பது என்றால் அங்கே எத்தனை வகை உயிரினம் இருக்கிறது என்று பார்ப்பதா, இல்லை அந்தக் கடலுக்குத் தேவையான வேலைகள் எல்லாம் நடக்கிறதா என்று பார்ப்பதா?

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில், 2030க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவருவது என்று நாடுகள் ஒப்புக்கொண்டன. கடலைப் பொறுத்தவரை 2024 நிலவரப்படி அந்த அளவு 8 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது. ஆக, மிச்சம் இருக்கும் சில வருடங்களில் எல்லா நாடும் வரைபடத்தில் வேகவேகமாகக் கோடு போடப் போகின்றன. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்கான ஐ.நா. ஒப்பந்தமும் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கோடு போட இன்னும் நிறைய இடம்!

கோடு போட்டால் கடல் காப்பாற்றப்பட்டுவிடுமா என்பதுதான் கேள்வி. 2014ல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. உலகம் முழுக்க 87 கடல் பாதுகாப்புப் பகுதிகளில் மீன்களை எண்ணிப் பார்த்தார்கள். அதில் 59 சதவீதப் பகுதிகளில், உள்ளே இருந்த மீன் வளத்துக்கும் வெளியே மீன்பிடி நடக்கும் இடத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பெயர்ப்பலகை இருந்தது, அவ்வளவுதான்.

நன்றாக இருந்த இடங்களுக்கு ஐந்து அம்சங்கள் காரணமாக இருந்தன. முழு மீன்பிடித் தடை, தடையை உண்மையிலேயே அமல்படுத்துவது, 10 வயதுக்கு மேல் ஆகியிருப்பது, 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, ஆழமான நீரோ மணலோ சூழ்ந்து தனியாக இருப்பது. இவற்றில் நான்கு ஐந்து சேர்ந்தால்தான் பலன் தெரிகிறது.

இதை அப்படியே நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்க. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986ல் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். வயதில் பாஸ், பரப்பில் பாஸ். தடை காகிதத்தில் இருக்கிறது. ஆனால் தீவுகள் எல்லாம் கரைக்குக் கூப்பிடு தூரம். ஒரு பக்கம் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும், கரை நெடுக மீனவ கிராமங்கள். தனிமை என்ற மதிப்பெண் இந்தப் பூங்காவுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அதனால்தான் இங்கே கணக்கை வேறு மாதிரி போட வேண்டியிருக்கிறது.

'செயல்பாட்டுப் பல்லுயிர்' என்றால்?

வார்த்தைதான் பயமுறுத்துது, விஷயம் எளிது. ஒரு கல்யாண வீட்டை நினைச்சுக்கோங்க. 50 பேர் வேலை செய்ய வந்திருக்கிறார்கள். அதில் 45 பேர் பந்தி பரிமாறுகிறவர்கள். அடுப்புப் பக்கம் ஒரே ஒருவர். இலை எடுக்க ஆளே இல்லை. தலையை எண்ணினால் 50, நிறைவான எண்ணிக்கை. ஆனால் முதல் பந்தி முடிந்ததும் கல்யாணம் நாறிவிடும். அந்தச் சமையல்காரருக்குக் காய்ச்சல் வந்தால் முதல் பந்தியே கிடையாது.

கடலிலும் இப்படித்தான். வீடு கட்டுகிற வேலை பவளத்துக்கு. பாசியை மேய்ந்து அந்த வீட்டைச் சுத்தமாக வைக்கிற வேலை கிளிமீன், ஓரா, முள்ளெலி போல உடம்பெல்லாம் முள் உள்ள கடல் முள்ளெலிகளுக்கு. தரை மணலைப் புரட்டிச் சலிக்கிற வேலை கடல் அட்டைக்கு. நீரை வடிகட்டுவது சிப்பிகள். குஞ்சு மீனுக்கும் இறாலுக்கும் தொட்டிலாக இருப்பது கடல்புல். ஒவ்வொரு வேலைக்கும் ஆள் இருக்கிறதா, அந்த ஆள் போனால் மாற்று ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் செயல்பாட்டுப் பல்லுயிர் என்ற கணக்கு.

மன்னார் வளைகுடாவைப் பற்றி எந்த அரசு அறிக்கையை எடுத்தாலும் 4,223 வகை உயிரினங்கள் என்று ஒரு எண் வரும். பெருமையான எண், சந்தேகமில்லை. ஆனால் அது தலைக் கணக்கு.

ஜமைக்காவில் என்ன நடந்தது?

மாற்று ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு கரீபியன் கடலைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஜமைக்காவின் பவளப்பாறைகளில் பாசி மேய்கிற மீன்கள் ஒரு காலத்தில் ஏராளம். கூடு வைத்தும் வலை போட்டும் பல பத்தாண்டுகள் பிடித்ததில் அவை கரைந்து போயின. ஆனால் 1970களில் போய்ப் பார்த்தவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பாறைகளில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம். ஏனென்றால் மீன் விட்டுப்போன வேலையை நீண்ட முள் கொண்ட ஒரு கறுப்பு முள்ளெலி எடுத்துச் செய்துகொண்டிருந்தது. ராத்திரி முழுக்க பாசியைச் சுரண்டித் தின்னும்.

1983ல் பனாமா பக்கம் அந்த முள்ளெலிகளுக்கு ஏதோ நோய் வந்தது. ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் கரீபியன் முழுக்கப் பரவி, 90 சதவீதத்துக்கும் மேல் சாகடித்தது. மீன் ஏற்கெனவே இல்லை. இப்போது முள்ளெலியும் இல்லை. பாசி மளமளவென்று ஏறியது. 1990களின் தொடக்கத்தில் எண்ணிப் பார்த்தபோது ஜமைக்கா பாறைகளில் உயிருள்ள பவளம் 5 சதவீதத்துக்கும் கீழே. 4 சதவீதமாக இருந்த பாசி 92 சதவீதம். நடுவில் 1980ல் வந்த பெரிய சூறாவளியும் ஒரு காரணம்தான். ஆனால் பவளப்பாறை சூறாவளியைப் பார்க்காததா? அடி வாங்கி எழுவது அதற்குப் பழக்கம். எழ விடாமல் பண்ணியது பாசி.

இதில் கவனிக்க வேண்டியது 1970களின் அந்த அமைதி. பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது. வேலை ஒரே ஒரு ஆளின் தோளில் நின்றது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று ஆஸ்திரேலியாவில். கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் ஆர்ஃபியஸ் தீவு அருகே ஆய்வாளர்கள் பாறையின் சில துண்டுகளைச் சில ஆண்டுகள் கூண்டு போட்டு அடைத்து வைத்தார்கள். பெரிய மீன் உள்ளே வர முடியாததால் உள்ளே பெரும் பாசிக் காடே வளர்ந்தது. பிறகு கூண்டை எடுத்துவிட்டு, தண்ணீருக்கடியில் கேமரா வைத்துக் காத்திருந்தார்கள். கிளிமீன் கூட்டம் வந்து தின்று தீர்க்கும் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பு. அந்த இடத்தில் பாசி தின்னும் மீன் வகைகள் 40க்கும் மேல். அவை பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை. வந்து தின்றது தட்டு மாதிரி வட்டமாக இருக்கும் ஒரு மீன், 'பேட்ஃபிஷ்'. (நம்ம ஊர் வவ்வால் மீன் வேறு, குழப்பிக்காதீங்க.) பாசியே தின்னாது என்று அதுவரை நினைத்திருந்த மீன் அது. சில வாரங்களில் காட்டை அழித்துவிட்டது.

2006ல் வெளியான இந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்த மீனின் குஞ்சுகள் கரையோர அலையாத்திக் காடுகளை நம்பி இருப்பவை. பவளப்பாறையைச் சுற்றி மட்டும் பாதுகாப்புக் கோடு போட்டு, கரையில் அலையாத்தியை வெட்டி இறால் பண்ணை வைத்தால், பாறையின் அவசரகாலப் பணியாளர் வளர வழியே இருக்காது. எந்த மீன் எப்போது கைகொடுக்கும் என்று முன்கூட்டியே தெரியாது என்பதுதான் ஆய்வாளர்களையே ஆட வைத்த விஷயம்.

மன்னார் வளைகுடா: வீட்டுக்குப் பாதுகாப்பு, சுத்தம் செய்பவருக்கு?

முதலில் நல்ல செய்தி. ஒரு காலத்தில் இங்கே பவளப்பாறையை உடைத்து மாட்டு வண்டியிலும் லாரியிலும் ஏற்றி சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2001ல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதாவது சட்டத்தின் பார்வையில் புலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. 2004 சுனாமிக்குப் பிறகு, தீவுகளும் பாறைகளும் கரைக்கு அரண் என்ற எண்ணம் ஊர்களிலேயே பலமாக, பவளம் உடைப்பது ஓய்ந்தது. இது சாதாரண வெற்றி இல்லை. இந்தியாவில் சட்டம் போட்டும் நிற்காத எத்தனையோ விஷயங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆனால் 2010ல் ஒரு அடி. 2016ல் அதைவிடப் பெரிய அடி. கோடையில் கடல் நீரின் சூடு 30 டிகிரியைத் தாண்டி நின்றுவிட்டால், பவளத்துக்குள் இருந்து அதற்கு உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசிகளைப் பவளமே வெளியே தள்ளிவிடும். நிறம் போய் வெளுத்துவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாவுதான். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 2016ல் உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 சதவீதத்தில் இருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. 2023ல் தொடங்கிய அடுத்த உலகளாவிய வெளுப்பு அலையில் உலகின் பவளப்பாறைப் பரப்பில் 84 சதவீதம் ஆபத்தான சூட்டைச் சந்தித்தது.

செத்தது எந்தப் பவளம் என்பது இங்கே முக்கியம். மான் கொம்பு போலக் கிளை விடும் பவளங்கள்தான் அதிகம் போயின. உருண்டை பாறை போல இருக்கும் வகைகள் பெரும்பாலும் தாங்கிக்கொண்டன. சதவீதக் கணக்கில் இரண்டும் பவளம்தான். ஆனால் குஞ்சு மீன் ஒளிந்துகொள்வது கிளைகளுக்கு நடுவில். உருண்டையில் எங்கே ஒளிவது? வீடு இருக்கு, அறை இல்லை.

செத்த எலும்புக்கூட்டின் மேல் முதலில் படர்வது பாசி. அதை மேய்ந்து பாறையை வெறுமையாக்கினால்தான் புதிய பவளக் குஞ்சு வந்து ஒட்ட முடியும். அந்த வேலைக்குத்தான் கிளிமீனும் ஓராவும் வேண்டும். கிளி மூக்கு போன்ற பல்லால் பாறையோடு சேர்த்துச் சுரண்டும் கிளிமீன், அரைத்த கல்லை மணலாகக் கழிக்கும். மாலத்தீவில் ஒரு தீவைச் சுற்றி அளந்து பார்த்ததில், புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்களின் உபயம் என்று தெரிந்தது. நாம் காசு கொடுத்துப் போய் போட்டோ எடுத்துக்கொள்ளும் அந்த வெள்ளை மணல் பெரும்பாலும் மீன் கழிவு!

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளும் பவள மணலும் பவளத் துண்டுகளும் சேர்ந்து உருவானவைதான். 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடி பக்கம் உள்ள காரியாச்சல்லி தீவு 1969ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது, அதில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. இப்போது அரசு செயற்கைப் பாறைகளை இறக்கித் தீவைக் காப்பாற்றப் பார்க்கிறது. பக்கத்தில் உள்ள வான் தீவில் இதே வழி ஓரளவு பலன் கொடுத்ததால் அந்த நம்பிக்கை. நல்ல முயற்சிதான். அலையின் வேகத்தில் சராசரியாக 97 சதவீத ஆற்றலைப் பவளப்பாறைகள் உடைத்துவிடுகின்றன என்று உலகளவில் தொகுத்த ஒரு ஆய்வு சொல்கிறது. அந்த வேலையை கான்கிரீட் கொஞ்சம் செய்யும். ஆனால் கான்கிரீட் மணல் போடாது.

சட்டம் எங்கே நிற்கிறது? பூங்கா எல்லைக்குள் எதையும் எடுக்கக் கூடாது. சரி. எல்லைக்கு வெளியே பவளத்தைத் தொட்டால் ஜெயில். அதுவும் சரி. ஆனால் அந்தப் பவளத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் கிளிமீனுக்கும் ஓராவுக்கும் எல்லைக்கு வெளியே தனியாக எந்தப் பாதுகாப்பும் கிடையாது. பாறை ஓரமாகக் கூடு வைத்தால் மாட்டுவது பெரும்பாலும் இந்த மாதிரி மீன்கள்தான். மீனுக்குப் பூங்கா எல்லை தெரியாது. வீட்டை இடிக்கத் தடை போட்ட நாம், அதைக் கூட்டிப் பெருக்குகிறவரைச் சந்தையில் கிலோ கணக்கில் எடை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு நேராகச் சட்டம் போட்ட நாடுகள் உண்டு. மத்திய அமெரிக்காவில் உள்ள பெலீஸ் 2009ல் பாசி மேயும் மீன்களைப் பிடிக்கவே தடை விதித்தது. கரீபியனில் உள்ள பொனேர் தீவு 2010ல் கிளிமீனுக்குத் தடை போட்டு, மீன் கூடுகளையும் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. அதே 2010ல் அங்கே பவளம் வெளுத்து அடி வாங்கியது. அடுத்த ஆண்டுகளில் மெல்லத் திரும்பியது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று உத்தரவாதம் இல்லை. கடல் சூடு ஏறிக்கொண்டே போனால் எந்த மீனும் காப்பாற்ற முடியாது. ஆனால் அடிக்கு அடி நடுவில் எழுந்து நிற்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

கடல் அட்டை: தடையும் தகராறும்

கிளிமீன் விஷயத்தில் சட்டம் தொடவில்லை என்றால், கடல் அட்டை விஷயத்தில் சட்டம் முழுசாகப் பூட்டிவிட்டது. 2001ல் எல்லா வகைக் கடல் அட்டைகளும் முதல் அட்டவணைக்குப் போயின. அதை நம்பி முங்கிப் பிழைத்த ராமநாதபுரம், தூத்துக்குடி மீனவர்களுக்கு ஒரே நாளில் தொழில் போனது. 'கடலுக்கு அக்கரையில் இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை வைக்கலாம். அதே அட்டையை இங்கே எடுத்தால் கைதா?' என்ற கேள்வி இருபது வருடத்துக்கும் மேலாக இந்தக் கரையில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கடத்தலும் நிற்கவில்லை. பிடிபட்ட மூட்டைகளின் படத்தை நம்ம செய்திகளிலேயே எத்தனை முறை போட்டிருப்போம்!

மீனவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இன்னொரு பக்கம், அட்டையின் வேலையும் லேசுப்பட்டது இல்லை. மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் அழுகலைத் தின்று, சுத்தமான மணலை வெளியே தள்ளும். நிலத்துக்கு மண்புழு மாதிரி. 2024ல் வெளியான ஆய்வு ஒன்றில், பசிபிக் கடலின் மொரேயா தீவுப் பக்கம் சில இடங்களில் மட்டும் அட்டைகளை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அட்டை இல்லாத இடத்தில் பவளங்கள் பல மடங்கு அதிகமாக நோய் வந்து செத்தன.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கடல் அட்டையை குஞ்சு பொரிக்க வைக்கும் வித்தையை இந்தியாவில் முதலில் செய்து காட்டியதே தூத்துக்குடியில்தான். 1988ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெள்ளை அட்டையை அங்கே இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டு 'முழுத் தடை' அல்லது 'தடையை நீக்கு' என்ற இரண்டே வாக்கியத்தில் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறோம். மணலைச் சலிக்க ஒரு ஹெக்டேரில் எத்தனை அட்டை வேண்டும், இப்போது எத்தனை இருக்கிறது, பண்ணையில் பொரித்த குஞ்சைக் கடலில் விட்டால் அந்த எண்ணிக்கை ஏறுமா? இந்தக் கேள்விகளில் இருந்து ஆரம்பித்தால் மீனவருக்கும் வனத்துறைக்கும் பேச ஒரு பொது மொழியாவது கிடைக்கும். அப்படி எண்ணிப் பார்க்காமல் சட்டென்று தடையை எடுத்தால், இருக்கிற மிச்சமும் ஒரே சீசனில் காலியாகும் என்ற பயமும் நியாயமானதுதான்.

புது ஆள் வந்தாலும் சிக்கல்

வேலை நிற்பது ஆள் போவதால் மட்டும் இல்லை, வேண்டாத ஆள் வருவதாலும்தான். 1990களில் வெளிநாட்டுப் பாசி ஒன்று சோதனைக்காக மண்டபம் பக்கம் கொண்டுவரப்பட்டது. கப்பாஃபைகஸ் என்று பெயர். ஐஸ்கிரீம், பற்பசை வரை பயன்படும் கூழ்ப்பொருள் இதிலிருந்து வருகிறது. வேகமாக வளரும், கரையோரப் பெண்களுக்கு நல்ல வருமானம். ஆனால் 2008ல் குருசடைத் தீவருகே இந்தப் பாசி பவளத்தின் மேல் போர்வை போலப் படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வெயில் படாத பவளம் மூச்சு முட்டிச் சாகிறது. அங்கே மேய்கிற மீன்கள் போதுமான அளவு இருந்திருந்தால் இதைக் கட்டுக்குள் வைத்திருக்குமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த பாசிப் பூங்கா ராமநாதபுரத்தில்தான் வருகிறது. பாசி வளர்ப்பு பெருகப் போகிறது. எந்தப் பாசி, எந்தப் பக்கம், பூங்கா தீவுகளில் இருந்து எவ்வளவு தூரத்தில் என்பதைப் பொறுத்துத்தான் இது வரமா, தலைவலியா என்பது தெரியும்.

இதே கரையில் இன்னொரு பாசித் தொழிலும் உண்டு. தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி முங்கி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி போன்ற உள்ளூர்ப் பாசிகளைக் கையால் எடுக்கும் பெண்கள். பூங்கா என்று அறிவித்த பிறகு இவர்கள் சட்டத்தின் பார்வையில் அத்துமீறுபவர்கள். வனத்துறையோடு மோதல், பிடித்தால் அபராதம். ஆனால் மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்களும் இவர்கள்தான். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது இந்த உழைப்புக்காகத்தான். பாசியை அளவோடு எடுப்பது ஒரு வகையில் மேய்ச்சல் வேலையும்கூட. 'மனிதர் உள்ளே வந்தாலே கெடுதல்' என்ற ஒற்றை வரிச் சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

கோடு எங்கே முடிகிறது?

2022ல் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆவுளியா என்றால் கடல் பசு. பெரிய ஆவுளியா ஒன்று தினமும் 30, 40 கிலோ கடல்புல் தின்னும். மேய்ந்த இடத்தில் புல் மறுபடி துளிர்க்கும், சாணத்தோடு விதையும் பரவும். கடல்புல் செழித்தால் இறாலும் நண்டும் வரும். ஒரு விலங்கின் பெயரில் ஒரு வேலைச் சங்கிலியையே பாதுகாக்கும் ஏற்பாடு இது என்பதால், சமீப கால அறிவிப்புகளில் இதை உருப்படியான ஒன்றாகச் சொல்லலாம். ஆனால் அடித்தரையை வாரிக்கொண்டு போகும் இழுவை மடி, கடல்புல்லை வேரோடு பிடுங்கும். கரையில் இருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்பது 1983 முதல் தமிழ்நாட்டுச் சட்டம். அந்தச் சட்டம் ஒழுங்காக நடந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

மன்னார் வளைகுடாவுக்குச் செலவு குறைவான ஒரு வழியும் இருக்கிறது, பெரிதாக யாரும் பேசுவதில்லை. கரீபியனின் குராசோ தீவில் மீன் கூடுகளின் ஓரத்தில் சின்ன இடுக்கு ஒன்று விட்டுச் செய்து பார்த்தார்கள். சிறிய குஞ்சுகளும், விலை போகாத தட்டை மீன்களும் அந்த இடுக்கு வழியாக வெளியே போய்விட்டன. விற்பனைக்கான பெரிய மீன் உள்ளேயே இருந்தது. வேண்டாத மீன் மாட்டுவது வெகுவாகக் குறைந்தது, மீனவர் வருமானம் பெரிதாகக் குறையவில்லை. கென்யாவிலும் இதே முறையைச் சோதித்திருக்கிறார்கள். கூடு கட்டுகிறவருக்கு இது ஒரு பத்து நிமிட வேலை. முழுத் தடைக்கும் முழு அனுமதிக்கும் நடுவில் இப்படிச் சில இடுக்குகள் இருக்கத்தான் செய்கின்றன.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று தெரிய வேண்டுமானால் எண்ணுகிற முறை மாற வேண்டும். பவளம் எத்தனை சதவீதம், எத்தனை வகை என்பதோடு கிளை விடும் பவளம் எவ்வளவு, ஒரு குறிப்பிட்ட பரப்பில் மேய்கிற மீன் எத்தனை கிலோ, அதில் பெரிசு எத்தனை, அட்டை எத்தனை என்ற நான்கு கட்டங்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் சேர வேண்டும். அந்தக் கணக்கு வருடா வருடம் பொதுவெளியில் வர வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் தூத்துக்குடி கடல் மறுபடி 30 டிகிரியைத் தாண்டும். அதற்கு முன்னால் ஒரு கணக்கும், வெளுப்பு அடங்கிய பிறகு ஒரு கணக்கும் எடுத்து வைத்தால்தான் இங்கே யார் வேலை செய்கிறார்கள், யார் இடம் காலியாக இருக்கிறது என்பது தெரியவரும்.